எம்.டி. கழுத்தில் ஏறிய மாலை

கணபதி ஏரியாவுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே பம்பு கம்பெனி ஆபீசில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“எம்.டி. கழுத்துல மாலை ஏறிப்போச்சுங்கக்கா,” என்றாள் இளையவள்.

மூத்தவள் பதறினாள். “ஏனம்மணி, அவருக்கு என்னாச்சு?”

“அவரு நல்லாத்தான் இருக்காருங்க. கம்பெனியப் பத்திக் கஸ்டமருக்குக் காட்டற பழைய ஸ்லைடையெல்லாம் புது டிசைன் ஆப்புக்கு மாத்தச் சொன்னாருங்கல்ல? மாத்துனதுல, தவறிப்போன அவங்கப்பா போட்டோல இருந்த மாலை நகந்து, பக்கத்துல இவரு போட்டோ மேல வந்து உக்காந்துருச்சுங்க.”

“அனுப்பறதுக்கு முன்னால பாக்கமாட்டீங்களா?”

“அவரேதான் பாத்தாருங்க. ‘லுக்கே மாறிப்போச்சு, சூப்பர்’னு, பெரியவர் தவறுனதே தெரியாத வடநாட்டு கஸ்டமருக்கெல்லாம் அனுப்பிப்போட்டாரு.”

“அட கருமமே! எல்லாரும் துக்கம் விசாரிச்சிருப்பாங்களே?”

“விசாரிச்சாங்க. இவரு பொறுப்புக்கு வந்ததும் ஆர்டரை நிறுத்துனாங்கல்ல, அவங்ககூட மெயில் போட்டிருக்காங்க.”

“என்னன்னு?”

இளையவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“ரொம்ப வருத்தமா இருக்குதாம். இனிமே பெரியவர்கிட்டயே பேசிக்கறாங்களாம், பழையபடி ஆர்டர் தாராங்களாம்.”