கட்டிலில் இருந்த பிள்ளைக்கு லீவு கொடுத்தவருக்கு

மன்னாரில் பிறந்து, ஒக்லாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் உளநலத் தாதியாகப் பணியாற்றி, இன்று ஓய்வுபெறும் எங்கள் அன்புக்குரிய றோஸ்மேரி அக்கா அவர்களுக்கு, வணக்கம்.

நீளமாகப் புகழ்ந்தால் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். சொல்லச் சொன்னவள் ஜனுஷா. பெயரோடு சொல்லுங்கள் என்று கேட்டவளும் அவளே.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. உயிரை விட முயன்றவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆம்புலன்ஸ் கொண்டுவந்தது. தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னதில் அவளுடைய அம்மா ரதிதேவிக்கு விளங்கியது ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும். மங்கரேயில் உள்ள விமானநிலையச் சமையலறையிலிருந்து, தலைமுடிக்குப் போட்ட வலையைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

வங்கி, வாடகை, விசா எல்லாவற்றுக்கும் அம்மாவுக்காகக் கதைத்தே வளர்ந்த பிள்ளை ஜனுஷா. வைத்தியருக்கு அவசரம். தான் சொல்வதை அம்மாவுக்குச் சொல்ல முடியுமா என்று அவளிடமே கேட்டார். பழக்கத்தில் தலையாட்டினாள்.

இவள் இறக்க விரும்பினாள், இன்று வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பல்ல என்றார் வைத்தியர்.

"என்னவாம்?"

"தண்ணி குடிக்கேல்லையாம் அம்மா. அதான் மயக்கம்."

"காலமை போத்தல் நிரப்பித் தந்தனான்தானே. சரி, எழும்பு, வீட்ட போவம்."

வீட்டுக்குப் போனதும் மறுபடி முயல்வது என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு இரண்டு மொழிகளும் விளங்கின. நீங்கள் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. திரையை விலக்கி வந்து, நோயாளி மொழிபெயர்க்கக் கூடாது என்று வைத்தியரிடம் சொன்னீர்கள். பிறகு தமிழில், "பிள்ளைக்கு இண்டைக்கு லீவு. அம்மா, நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. நான் இவவோட இருக்கிறன்."

ஜனுஷாவுக்குப் பயம் கூடியது. தமிழ் தெரிந்த தாதி என்றால் கதை ஊருக்குப் போய்விடும். "எங்கட கோயிலுக்கு வருவீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் வேதக்காரி, மாதா கோயில் ஆள், பிள்ளை. உங்கட கோயிலுக்கு வாறது வடைக்குத்தான். வடை சாப்பிடேக்க நான் கதைக்கிறேல்ல."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். ஒரு பெண்ணை நேசிப்பதை. வகுப்பில் ஒருத்தி அதை அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியதை.

"சாக நினைச்சதை அம்மாவுக்குச் சொல்லத்தான் வேணும். அதை மறைக்க நான் விடமாட்டன். ஆனா ஆரை நேசிக்கிறீங்கள் எண்டது உங்கட கதை. அதை இஞ்ச ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

வேறு நகரத்திலிருந்து, அவர்களை அறியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். வைத்தியர் சொன்ன உண்மையை ரதிதேவி அவர் வழியாகக் கேட்டறிந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் எண்டு எனக்குத் தெரிய வேணும். நான் பெத்த பிள்ளை."

"அவ சொல்லுவா அம்மா. சொல்லுறதுக்கு அவ உயிரோட இருக்கோணும். அதுக்குத்தான் இண்டைக்கு இஞ்ச வைச்சிருக்கிறம்" என்றீர்கள் நீங்கள்.

ரதிதேவி கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு உட்கார்ந்தார்.

யாரை நேசிக்கிறாள் என்பதை அடுத்த ஆண்டு ஜனுஷா தானே அம்மாவிடம் சொன்னாள், தமிழில். ரதிதேவியால் எல்லாவற்றையும் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் போ என்று சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்க ஒரு நாளும் தவறவில்லை.

அக்கா, தன்பாலீர்ப்புடைய பிள்ளைகளும் திருநர் பிள்ளைகளும் நாளையும் எங்கள் வாசலுக்கு வருவார்கள். சமோவ மொழியிலும் ஹிந்தியிலும் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும்போது பொய் சொல்லத் தயாராக வருவார்கள். வைத்தியர் எவ்வளவு அவசரப்பட்டாலும் நாங்கள் திரையை விலக்கிக் குறுக்கே நிற்போம். பிள்ளையோடு தனியே கதைப்போம். அவர்களுடைய கதையை அவர்களிடமே விட்டுவைப்போம். நீங்கள் நாளை வரமாட்டீர்கள். நோயாளி மொழிபெயர்க்கக் கூடாது என்ற உங்கள் விதி வேலைக்கு வரும்.

இனி அலாரம் இல்லாத காலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். நெடுங்காலம் நலமாக இருங்கள்.

இந்த மடலை வாசிக்கும் அரங்கின் மூன்றாவது வரிசையில் ஜனுஷா இருக்கிறாள். இந்த எழுத்துத் தமிழ் அவளுக்கு முழுதாக விளங்காது. ரதிதேவி இந்த மடலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கடினமான இடங்களை ஆங்கிலத்தில் சொல்லப் பழகி வந்திருக்கிறார். இப்போது மகளின் காதருகே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைக்கு இன்றும் லீவு.

என்றும் உங்கள்,
அவசர சிகிச்சைப் பிரிவின் தமிழ் ஊழியர்கள்
ஒக்லாந்து