கோப்பையோடு நடந்தேன், ஓடவில்லை

எனக்கு வயது நாற்பத்திரண்டு. பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை. மேற்கண்ட விலாசத்தில் மனைவி, மாமியாருடன் குடியிருக்கிறேன். வேகமாக நடப்பதால் எல்லோரும் என்னை ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்று காலை தொழிற்சாலை மைதானத்தில் ஊழியர்களுக்கு வேகநடைப் போட்டி வைத்தார்கள். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து எழும்பினால் அது ஓட்டம், நடை அல்ல என்பது விதி. அதைப் பார்த்துச் சொல்லும் நடுவர் என் மனைவி. அவள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவள். ஓரம் உடைந்த பிஸ்கட்டைக்கூட விடமாட்டாள். கட்டிய கணவனை விடுவாள் என்று நம்பியது என் தப்பு.

மாமியார் டிவி பக்கத்தில் கோப்பைக்கென்று இடம் துடைத்து வைத்து, “இந்த வருஷமும் அங்க பூ ஜாடிய வைக்க விட்றாதீங்க மாப்ள” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான்தான் முதலில் கோட்டைத் தாண்டினேன். அதன் பிறகு என் மனைவி சிவப்பு அட்டையைக் காட்டி, “ஏங்க, கடைசி வளைவுல ரெண்டு காலும் அந்தரத்துல இருந்துச்சு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு மேசைமேல் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். மேலாளரும் வாட்ச்மேனும் பின்னால் ஓடி வந்தார்கள். சாலையைக் கடக்க சிக்னலில் நின்றபோதுதான் அவர்களால் பிடிக்க முடிந்தது.

அதன் பிறகு மேலாளர் புகார் கொடுக்க, ஸ்டேஷனில் இதை எழுதும் காவலர், “கோப்பையுடன் தலைதெறிக்க ஓடினேன்” என்று எழுதினார். எடுத்தது உண்மை, திருட்டு வழக்கு போட்டாலும் போடுங்கள், ஓடினேன் என்பதற்குக் கீழே கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அதனால் வாசல் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். கூடவே வந்திருந்த என் மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, துரத்தி வந்தவர்கள் காலைப் பாராமல் என் காலையே பார்த்தாள். பிறகு, “சார், ஓடினேங்கறத அடிச்சிடுங்க. சுத்தமான நடை” என்றாள். என் பக்கம் திரும்பி, “காலையில இப்படி நடந்திருந்தா கப்பு நம்ம வீட்டுக்குத்தாங்க” என்றாள்.

மேலாளர் சிரித்துப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கோப்பையைக் கொடுத்துவிட்டேன். பூ ஜாடியை வைக்கச் சொல்லி மாமியாருக்குப் போன் செய்துவிட்டேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. ‘ஓடினேன்’ என்பதை அடித்து ‘நடந்தேன்’ என்று திருத்திய இடத்தில் நானும், நடுவர் என்ற முறையில் என் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.