பறக்கும் டாக்ஸிக்குப் பத்து மார்க்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்து மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் இரைச்சலை மீறி, எனக்கு முன்சீட்டில் இருந்த இளம்பெண் கத்தினாள்.

“பறக்குற டாக்ஸிக்கு நேத்து மார்க் போட்டேங்க்கா.”

பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த மூத்தவள் திரும்பினாள். “அது இன்னாடி டாக்ஸி? எங்க பறக்குது?”

“இன்னும் பறக்கலக்கா. சத்தம் மட்டும் முன்னாடியே வந்துடுச்சு. ஆராய்ச்சி பண்றவங்களாம். எங்க தெருவுலயே சேர் போட்டு உக்கார வெச்சு, பிஸ்கட்டு குடுத்து, ஸ்பீக்கர்ல அந்தச் சத்தத்தப் போட்டாங்க. எவ்ளோ தொந்தரவா இருக்கு, பத்துக்கு எவ்ளோ போடுவீங்கன்னு கேட்டாங்க.”

“நீ எவ்ளோ போட்ட?”

“பத்துக்குப் பத்து. எங்க வூட்டு நாயே கட்டிலுக்கடியில பூந்துக்கிச்சு. மரவள்ளிய நோண்டுற காட்டுப்பன்னி மட்டும் நிக்குமா? எங்க வூட்டுக்காரரு தெனம் தகரம் தட்டிக்கினு காட்டுலயே கெடக்குறாரு. இது வந்தா நிம்மதியா தூங்குவாரு. எங்க தெருவே பத்து போட்டுச்சு.”

மூத்தவள் சிரிப்பை அடக்க முயலவே இல்லை. “அடி கெட்டிக்காரி! பத்துன்னா தாங்க முடியாத தொந்தரவுன்னு அர்த்தம். இந்தப் பக்கமே வரவாணாம்னு தெருவோட சேந்து சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

பேருந்து அடுத்த வளைவில் அலறியது. இளையவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

“இந்த பஸ்ஸு சத்தத்துக்கு மார்க் கேட்டு ஒருத்தரும் வரலியேக்கா?”

“இதுல நாம ஏறுறோமேடி. நாம ஏறாத வண்டிக்குத்தான் நம்மகிட்ட கருத்து கேப்பாங்க.”