தூக்கிய கை

இன்று காலை திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில், என் எதிரே ஒரு பெண் கத்தரிக்காய்க் கூடையை மடியோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காக்கி உடுப்பில் அவள் தம்பி. தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன்.

"தூக்கின கைய எறக்கறதுக்குள்ள வரி ஏறிப்போச்சுடா," என்றாள். அதைக் கேட்டதும் நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"நீயுந்தானேக்கா தூக்கின?"

"நேத்து கூட்டத்துல, ரோடு வேணும்றவங்க கை தூக்குங்கன்னாரு பஞ்சாயத்து தலைவரு. தூக்கினேன். அப்டியே மூச்சு வுடாம, அதுக்கு ஊட்டு வரி கொஞ்சம் ஏறும், சம்மதந்தானேன்னாரு. கை மேலயே கீது. ஊரே சம்மதிச்சிடுச்சுன்னு மைக்ல சொல்லிட்டாரு."

"இன்னா பேச்சு பேசறாரு மனுசன்! நான் விசிலே அடிச்சேன்."

"அடிப்படா. ரோடு கோயில் குளத்தோட நின்னுடுமாம், ரோடு போடற மேஸ்திரி சொன்னான். நம்ம தெருவுக்கு அதே சேறுதான். வரி மட்டும் நம்ம ஊட்டுக்கும் வரும்."

வேப்பம்பட்டில் வண்டி நின்று கிளம்பியது.

"சாயங்காலம் நம்ம தெருவாண்ட மறுபடியும் கூட்டம் போடறாருக்கா. எல்லாரும் கை தூக்கறப்ப நீ மட்டும் இன்னா பண்ணுவ?"

"காலிக் கூடைய தலைல வெச்சிகினு முன்னாடி நிப்பேன். ரெண்டு கையும் கூடைய புடிச்சிகினு இருக்கும். ரோடு நம்ம தெரு வரைக்கும் வரும்னு மொதல்ல அவரு மைக்ல சொல்லட்டும். அப்பறம் கூடைய எறக்கறேன்."

தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "ஊட்ல இன்னொரு கூடை கீதாக்கா?"