அவரு இவ்வளவு இறுக்க மாட்டாரு

— அந்த போல்ட்ட விடுங்க. அவரு முதல்ல பைக் சக்கரத்து நட்டத்தான் தளர்த்துவாரு.

— வந்துட்டாரா? இன்னும் ஆளக் காணோமேன்னுதான் பாத்துட்டிருந்தேன்.

— யாரு?

— உன் முதல் புருஷன்தான். மனுஷன் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷமாச்சு. நான் ஸ்பேனரைத் தொட்டா மட்டும் எழுந்து வந்து பக்கத்துல குந்திக்கிறாரு.

— நட்டு இறுகியிருக்கும்போது போல்ட்டத் திருகினா மரை தேஞ்சு போயிடும்ங்க. அதுக்குத்தான் சொன்னேன்.

— நீ எங்க சொன்ன? அவருல்ல சொன்னாரு. இந்தா, தளர்த்தியாச்சு. அடுத்து என்ன உத்தரவு?

— செயினை ஒரு தடவை தேய்ச்சிடுங்க. இந்த பிரஷ்ஷ மண்ணெண்ணெய்ல நனைச்சு. அழுக்கு மேல எண்ணெய் விட்டா மண்ணத்தான் புடிக்கும்.

— இது யாரு பல் விளக்குன பிரஷ்?

— ஏங்க!

— இல்ல, கேட்டு வச்சுக்கிறேன். அதையும் பத்திரமா எடுத்து வச்சிருப்பியோன்னு.

— உங்களோடதுதான். போன வாரம் நீங்க தூக்கிப் போட்டது. இப்ப ரெண்டு பக்கப் போல்ட்டையும் சமமாத் திருகுங்க. பக்கத்துலயே கோடு கோடாப் போட்டிருக்கு பாருங்க. இந்தப் பக்கம் எத்தனாவது கோடோ அந்தப் பக்கமும் அதே கோடு. இல்லன்னா சக்கரம் கோணிக்கும்.

— இதுவும் அவரு சொன்னதா?

— அவரு விரல் வச்சு எண்ணிப் பாப்பாரு.

— ம்க்கும். குழாய் மாட்டினேன், 'அவரு நூல் சுத்தித்தான் முறுக்குவாரு'ன்ன. ஃபேன் கிறீச்சுன்னுச்சு, 'அவரு கழட்டித் துடைச்சிட்டுத்தான் எண்ணெய் விடுவாரு'ன்ன. மாமியார் கொடுமை கேள்விப்பட்டிருக்கேன். மூத்த புருஷன் கொடுமை உலகத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான்.

— சிரிப்பு வருது. சிரிச்சா கோவிப்பீங்க.

— சிரி. எனக்கு வயிறு எரியுது, நீ சிரி. பாரு, இறுக்கிட்டேன். நச்சுனு நிக்குது.

— ரொம்ப இறுக்கிட்டீங்க. விரலால தூக்கிப் பாருங்க, அசையவே இல்ல. ரெண்டு பேர் ஏறி உக்காந்தா செயின் இன்னும் இழுக்கும். கொஞ்சம் தொய்வு விடணும். அவரு இவ்வளவு இறுக்க மாட்டாரு.

— அவரு இறுக்க மாட்டாரு! அவரு அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு! அவரு துணிய அவரே மடிச்சு வைப்பாரு! நான் இந்த வீட்டுக்குப் புருஷனா வந்தேனா, அவருக்கு எடுபிடியா வந்தேனா?

— மெதுவாப் பேசுங்க. மேல் மாடி அக்கா துணி காயப்போட்டுட்டு நிக்கிறாங்க.

— நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். வண்டில போகும்போதெல்லாம் பின்னாடி நீ உக்காந்திருக்க. உனக்கு முன்னாடி உக்காந்திருக்கறது யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நானா, அவரா?

— என்ன பேச்சு இது?

— அதான் முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் ஒருத்தன் வண்டியப் பாக்க வர்றான்.

— எதுக்குப் பாக்க?

— எதுக்குப் பாப்பாங்க? வாங்கத்தான். செயின் கடகடன்னு சத்தம் போட்டா வேணாம்னுடுவானேன்னுதான் காலைலருந்து இதோட மாரடிக்கிறேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல நீங்க.

— கேட்டா 'அவரோட வண்டி'ன்னு அழுவ.

— அவரோட வண்டின்னு நான் என்னைக்குச் சொன்னேன்?

— நம்ம கல்யாணத்தன்னைக்கே கேட்டேனே, 'இது அவரோடதா'ன்னு.

— கேட்டீங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள சாவிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டீங்க.

— பின்ன யாரோடது?

— என்னோடது. எங்க அண்ணன் வண்டிப் பட்டறைல வேலை பாத்ததுக்கு, அண்ணன் எனக்குக் கொடுத்தது.

— பட்டறைல நீ கணக்குதான எழுதின?

— கணக்கெழுத எவ்வளவு நேரமாகும்? மீதி நேரமெல்லாம் கையில கிரீஸ்தான்.

— அப்ப அவரு?

— அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. நான் ஓட்டுவேன், அவரு பின்னாடி உக்காந்து வருவாரு. பள்ளம் வந்தா கண்ண மூடிக்குவாரு.

— இரு இரு. இந்த நட்டு, கோடு, தொய்வு, எல்லாம்?

— நான் செய்யறது.

— குழாய்?

— நான்தான்.

— ஃபேன்?

— அதுல அவருக்கும் பங்கிருக்கு. ஏணியப் புடிச்சுக்குவாரு.

— அடிப்பாவி! பின்ன எதுக்குடி இத்தனை நாளும் எல்லாத்தையும் அந்த மனுஷன் தலைல கட்டின?

— கல்யாணமான புதுசுல, 'செயின் இறுக்கமா இருக்கு, பாருங்க'ன்னு சொன்னேன். 'உனக்கென்ன தெரியும், போய் வேலையப் பாரு'ன்னீங்க.

— நானா? அப்படியா சொன்னேன்?

— மறுநாள் அதையேதான் சொன்னேன். 'அவரு செயினை இவ்வளவு இறுக்க மாட்டாரு'ன்னேன். அடிச்சுப் புடிச்சு ஸ்பேனரை எடுத்துட்டு ஓடினீங்க. சரி, இந்த மனுஷன் காதுக்கு இதுதான் வழி போலன்னு புடிச்சுக்கிட்டேன்.

— அய்யோ, வயித்துல பாலை வார்த்த போ! செத்தவனைப் போட்டியா நெனச்சு ராத்திரி தூக்கமில்லாம கிடந்தேனே! அப்ப அவரப் பாத்து நான் பொறாமைப்பட ஒண்ணுமே இல்ல, அப்படித்தானே?

— ஒண்ணே ஒண்ணு இருக்குங்க.

— என்ன?

— நான் சொன்னா, நான் சொன்னேங்கறதுக்காகவே கேப்பாரு.