மை குடித்த குளம்

வித்துரா ஊருக்குப் போகும் பேருந்து புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். மடியில் ரெஞ்சு வைத்திருந்த பிளம்பர் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்:

"அண்ணே, அந்த ஸ்டெல்லா இருக்காளே, குளத்துக்கு நீல மை குடிக்கக் குடுத்தா."

"எந்தக் குளத்துக்குடே?"

"நடக்க முடியாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தரைக்கு மேல நிறுத்தியிருக்காங்களே, நீச்சல் குளம். தகரச் சுவருக்குள்ள பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சது. தினமும் நாலு விரக்கடை தண்ணி குறையுது. ரெண்டு நாள் தேடினேன், கேட்டோ. ஓட்டை கிட்டல. தண்ணிய எறக்கி ஷீட்டை மாத்தணும்னுட்டேன்."

"அப்போ பிள்ளைங்களுக்குப் பயிற்சி?"

"ஒரு மாசம் கிடையாது. அங்க தூத்துவாரி சுத்தம் பண்ணுற ஸ்டெல்லாவுக்கு அது பொறுக்கல. பம்பை நிறுத்தச் சொன்னா. தண்ணி அசையாம நின்னதும் உள்ள எறங்கி, சுவரோரமா சொட்டுச் சொட்டா மை விட்டுக்கிட்டே போனா. ஏணிப் பக்கத்துல மை நூலு மாதிரி நீண்டு ஷீட்டுக்குள்ள போச்சு. ஓட்டை அங்க!"

"ஒட்டினது?"

"நான்தான். தண்ணிக்குள்ளயே பிடிக்கிற பசை. மறுநாள் அளந்தா ஒரு விரக்கடை கூட குறையல."

"உனக்கு வெக்கமா இல்லியாடே?"

"முதல்ல இருந்துச்சு. பொறவு பயிற்சி நேரம் வந்துது. ஒரு சின்னப் பிள்ளை சக்கர நாற்காலில இருந்து ரெண்டு கையயும் நீட்டி, தண்ணில எறக்கிவிடச் சொல்லி ஸ்டெல்லாவைத்தான் கூப்பிட்டுது. நான் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டேன்."