தானா ஆன் ஆகுது

— இன்னொரு தரம் சொல்லுங்க அண்ணி. சுவிட்சை யாரும் தொடவே இல்லையா?

— தொடறதுக்கு வீட்டுல யாரு இருக்கா? நான் அடுப்படியில பாத்திரம் கழுவிட்டு இருப்பேன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல இந்த ரூம்ல அவர் கம்ப்யூட்டரோட ஃபேன் சுத்துற சத்தம் கேக்கும். அப்புறம் கீய்னு ஒரு கத்தல். அதோட நின்னு போயிடும்.

— தினமுமா?

— முன்னெல்லாம் எப்பவாவதுதான். இப்ப விடாம.

— அண்ணன் தவறிப் போய் இத்தனை மாசம் ஆச்சு, இன்னைக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சா? நான் என்னமோ வேத்து ஆள் மாதிரி. ரெண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு ஈ ஓட்டிட்டு இருக்கேன்.

— கோவிச்சுக்காதே தம்பி. வந்துட்டேல்ல, பாரேன்.

— இதெல்லாம் பழைய பெட்டி அண்ணி. கரண்ட் போயிட்டு வந்தா தானா எழுந்துக்கிற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும். பேய், பிசாசுன்னு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

— நான் எங்க பேய்னு சொன்னேன்? நீதான் சொல்ற.

— சரி, சரி. முதல்ல பிளக்கைக் கழட்டிடறேன். மூடியைத் திறக்கலாம்... அட கடவுளே, தூசியைப் பாருங்க! தலகாணியே தைக்கலாம். எத்தனை தரம் கேட்டிருப்பேன், நான் ஒரு தரம் சுத்தம் பண்ணித் தரேன்னு. ‘வேலையைப் பாருடா’ன்னு விரட்டி விட்டுடுவார்.

— அவருக்கு அவர் பொருளை யாரும் தொட்டா ஆகாது. மெதுவா, பார்த்து.

— கண்டுபிடிச்சாச்சு. இந்தப் பட்டையா நிக்குதே, இதான் ராம், பெட்டியோட மெமரி. பல்லெல்லாம் கறுத்துப் போச்சு. பெட்டி எழுந்ததும் முதல்ல இதைத்தான் தேடும். கிடைக்கலைன்னா கத்தும். அழி ரப்பர் இருக்கா?

— வீட்டு பிளான் வரையறவர் டிராயர்ல ரப்பருக்கா பஞ்சம்? இந்தா.

— தேய்ச்சாச்சு. உக்காருடா ராசா... டக்குன்னு உக்காரு... ஆங். இப்ப பிளக்கை மாட்டி போடறேன். கத்துதா?

— கத்தலை.

— அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய்... ஒரு நிமிஷம்.

— என்ன தம்பி?

— ஒண்ணுமில்ல. இந்த வட்டமா, பொட்டு மாதிரி இருக்கிற பேட்டரியை அளந்து பார்த்தேன். சுத்தமா செத்துக் கிடக்கு.

— செத்தா என்ன ஆகும்?

— பிளக்கைப் பிடுங்கினதும் நேரம், தேதி எல்லாத்தையும் பெட்டி மறந்துடணும். தானா எழுந்துக்கிற செட்டிங்கும் சேர்த்துத்தான். திரும்ப போட்டா எந்தக் காலத்துத் தேதியையோ காட்டணும். இது இன்னைக்குத் தேதியைக் காட்டுது. நேரம்கூட என் வாட்சோட ஒத்துப்போகுது.

— அப்ப நல்லதுதானே.

— நல்லதா? யாராவது உக்காந்து அடிச்சுக் கொடுத்தாத்தான் அப்படிக் காட்டும். நான் அடிக்கலை அண்ணி. இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க வச்சுப் பார்க்கலாம்.

— வேண்டாம். இங்கேயே பாரு.

— இல்ல, அண்ணன் வரைஞ்சதெல்லாம் உள்ள இருக்கு. உங்களுக்குன்னு ஒரு வீடு வரைஞ்சாரே, அதுவும் இதுலதானே? காப்பியாவது எடுத்து வைப்போம்.

— காப்பி எடுத்து என்ன பண்ண? அது முடியவே இல்லையே. ‘எல்லாம் வந்துடுச்சு, மாடிப்படி மட்டும் உக்கார மாட்டேங்குது’ன்னு கடைசி வரைக்கும் புலம்பிட்டே இருந்தார். அங்க பாரு, ஏதோ கேக்குது.

— பாஸ்வேர்டு. உங்களுக்குத் தெரியுமா?

— என்கிட்ட எங்க சொன்னார்?

— சரி, கீபோர்டைக் கொடுங்க, மாட்டிட்டு ஏதாவது அடிச்சுப் பார்ப்போம்... அண்ணி.

— ம்.

— கட்டத்துக்குள்ள புள்ளி விழுது. இன்னொண்ணு... கீபோர்டு உங்க கையிலதானே இருக்கு?

— என் கையிலதான் இருக்கு. வயரு தரையில கிடக்கு, பாரேன்.

— உள்ள எங்கேயோ ஷார்ட் ஆகியிருக்கும். ஆனா ஷார்ட்னா மடமடன்னு விழணும். இது நிறுத்தி நிறுத்தி விழுதே. எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற மாதிரி.

— அவர் அப்படித்தான் அடிப்பார். ஒத்தை விரல்ல. கோடு போடச் சொன்னா கண்ணை மூடிட்டுப் போடுவார். எழுத்துன்னா மட்டும் கோழி கொத்துற மாதிரி.

— எனக்கு இது சரியாப் படலை. நீங்க வெளியே போங்க, நான் பிளக்கைப் பிடுங்கிடறேன்.

— பிளக்கைத் தொடாதே!

— என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க? எனக்குப் பின்கழுத்துல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?

— முதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. ஸ்கிரீனைப் பாரு தம்பி.

— திறந்துடுச்சு. ஐயோ... பிளான் தானா விரியுது. மாடிப்படி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையா இருக்கு. அங்கதான் அம்புக்குறி போய் நிக்குது.

— அப்பாடா. எவ்வளவு நாளா முட்டி மோதிட்டு இருந்தார். பெட்டி கத்திட்டு நின்னு போனதும் ஒரு பெருமூச்சு வரும் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல.

— அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்! நான் என்னமோ, இது தானா ஆன் ஆகுறதை நிறுத்தணும்னு கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன்.

— நிறுத்தவா? ஒழுங்கா ஓடணும்னுதான் கூப்பிட்டேன். எழுந்திரு தம்பி, நாற்காலியை விடு. உங்கண்ணன் எவ்வளவு நேரம்தான் உன் பின்னாடியே நின்னுட்டு இருப்பார்?